பதம் பார்த்த சோறும் பரிமாறிய சோறும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பாட்டிமார் அடுக்களையில் கண்ட அறிவு. பானையிலுள்ள பருக்கைகள் அத்தனையையும் நசுக்கிப் பார்க்க வேண்டியதில்லை. ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினால் போதும். விஞ்ஞானம் பயிலும் நாம் இதற்கு 'மாதிரி எடுத்தல்' என்று பெரிய பெயர் சூட்டியிருக்கிறோம். ஆனால் அந்தப் பழமொழிக்குள் சொல்லாமல் சொல்லப்பட்ட நிபந்தனை ஒன்று உண்டு. பதம் பார்த்த சோறும், இலையில் விழும் சோறும் ஒரே பானையில் வெந்தவையாக இருக்க வேண்டும். பதம் பார்க்க ஒரு பானை, பந்திக்கு வேறு பானை என்று ஒருவன் வைத்துக்கொண்டால் அந்தப் பழமொழியே பொய்யாகிவிடும். பந்தியில் உட்கார்ந்தவனின் வயிறும் கெடும்.

இந்த இரட்டைப் பானை வியாபாரம் அமெரிக்க நாட்டுத் துறைமுகங்களில் மோட்டார் சைக்கிள் உருவத்தில் வந்து இறங்கியது. அதைத் தடுக்க அந்நாட்டு அரசாங்கம் இறக்குமதியாளர்கள் மேல் எடுத்த நடவடிக்கைகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அந்த நடவடிக்கைகள் நியாயமானவை, ஆனால் போதுமானவையல்ல, அவற்றிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றும் இருக்கிறது. இம்மூன்றுமே என் கருத்து. வேதியியல் முதுகலை வகுப்பில் வினையூக்கிகளைப் பாடமாகப் படிக்கிறவன் என்ற முறையில் இதைப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் 1970-ஆம் ஆண்டு பெரிய அளவில் திருத்தி இயற்றப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை என்ற அமைப்பும் தோன்றியது. சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களுக்கு 1978-ஆம் மாடல் ஆண்டு முதலே புகை வரம்பு உண்டு. சாலையைவிட்டு மணலிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டுகிற உல்லாச வண்டிகளுக்கு நெடுங்காலம் வரம்பு இல்லாதிருந்தது. 'ஏ.டி.வி.' எனப்படும் தடித்த டயர் கொண்ட நான்கு சக்கர வண்டியும், மண்பாதை மோட்டார் சைக்கிளும், பனியில் வழுக்கி ஓடும் வண்டியும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு 2002-இல் விதி வகுத்தார்கள். 2006-ஆம் மாடல் ஆண்டு முதல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

"ஓய்வு நாளில் பிள்ளைகள் ஓட்டி விளையாடும் சிறு வண்டிக்குமா சட்டம்?" என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். எஞ்சின் சிறிதாக இருப்பதால் புகையும் சிறிதாக இருக்கும் என்று எண்ணுவது தவறு. பழைய இருவீச்சு எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எரிந்த வாயு வெளியேறும் வழியும் புதிய எரிபொருள் நுழையும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். ஆகவே ஊற்றிய எரிபொருளில் கால் பங்கு அளவுக்குக்கூட எரியாமலே வெளியே போய்விடுவதுண்டு. அந்த ஆவியில் புற்றுநோய் தரும் பென்சீன் இருக்கிறது. வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து மூச்சுக்குழலை எரிக்கும் ஓசோனாக மாறும் ஹைட்ரோகார்பன்களும் இருக்கின்றன. நாற்சுழற்சி எஞ்சின் இதைவிட நன்று; ஆயினும் கார்புரேட்டர் சரியாக அமையாவிட்டால் அதுவும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். பெரிய காரில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளில் பாதிகூடச் சிறு வண்டியில் இருப்பதில்லை. அந்தப் புகைக்கு மிக அருகில் இருப்பதோ ஓட்டுகிற சிறுவனின் மூக்குத்தான்.

ஆகவே விதி வந்தது. ஏ.டி.வி. ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து 1.5 கிராமுக்கு மேல் போகக்கூடாது; மண்பாதை மோட்டார் சைக்கிளுக்கு 2 கிராம். ஒவ்வொரு வண்டியையும் ஆய்வுக்கூடத்தில் ஏற்றிப் பார்க்க முடியுமா? முடியாது. ஆதலின், ஒரே அமைப்புடைய எஞ்சின்களை ஒரு குடும்பமாகக் கொண்டு, அக்குடும்பத்தின் மாதிரி வண்டி ஒன்றைச் சோதிப்பார்கள். அது தேறினால் அந்தக் குடும்பம் முழுவதற்கும் இணக்கச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இல்லாத வண்டியை விற்பதும் குற்றம், இறக்குமதி செய்வதும் குற்றம். பானையும் சோறும் என்று நான் தொடங்கியது இதற்காகத்தான். சான்றிதழ் விண்ணப்பத்தில் கார்புரேட்டர் எது, வினையூக்கியில் எந்த உலோகம் எவ்வளவு என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். எழுதியபடி அமைந்த வண்டிக்கு மட்டுமே அந்தச் சான்று செல்லும்.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

2010-ஆம் ஆண்டு மே மாதம், பெப் பாய்ஸ் என்ற மோட்டார் உதிரிப்பாகக் கடைத் தொடரும் பாஹா என்ற நிறுவனமும் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு வந்தன. சீனாவில் செய்யப்பட்டு அமெரிக்காவில் இறங்கிய 2,41,000 வண்டிகளும் எஞ்சின்களும் சட்டத்துக்கு இணங்கியவை அல்ல என்பது அவற்றின் மேல் வந்த குற்றச்சாட்டு. பெப் பாய்ஸ் 50 இலட்சம் டாலர் தண்டம் கட்ட ஒப்புக்கொண்டது. கையிருப்பில் நின்ற 1,300-க்கு மேற்பட்ட வண்டிகளை நாட்டைவிட்டு அனுப்பவோ அழித்துவிடவோ வேண்டும் என்றும் முடிவாயிற்று.

அதே ஆண்டில் வேறொரு செய்தி வந்தது. நான்கு இறக்குமதி நிறுவனங்கள் பெற்றிருந்த சான்றிதழ்களை விலக்கப் போவதாக முகமை அறிவித்தது. அவற்றின் கீழ் வந்த வண்டிகள் 2,00,000 வரை இருக்கும். காரணம், விண்ணப்பத்தோடு இணைத்த சோதனை விவரங்கள் நம்பத்தக்கவை அல்ல என்பது. அந்த விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுத்த கலிபோர்னியா ஆலோசனை நிறுவனத்தின் மேல் 2011-இல் வழக்கும் தொடரப்பட்டது. இங்கே பானை மாறியது மட்டுமல்ல. பதம் பார்த்ததே ஐயத்துக்கு உரியதாகிவிட்டது!

மூன்றாவது வழக்கு என் பாடத்துக்கு நெருக்கமானது. டெக்சாஸில் இயங்கிய டாவ்டாவ் யு.எஸ்.ஏ. என்ற நிறுவனம், சீனாவிலுள்ள இரண்டு உற்பத்தியாளர்களின் மோட்டார் சைக்கிள்களையும் உல்லாச வண்டிகளையும் வரவழைத்தது. 2010-இலேயே அது முகமையோடு ஒரு சமரச உடன்படிக்கை செய்துகொண்டிருந்தது. பிறகும் 2015-இல் அதன் மேலும் அந்த உற்பத்தியாளர்கள் மேலும் புகார் எழுந்தது. 1,09,964 வண்டிகளின் வினையூக்கிகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் விண்ணப்பத்தில் சொன்ன அளவில் இல்லை என்பதே புகார். 2018-இல் நிர்வாக நீதிபதி இரண்டு பகுதிகளாக ஏறக்குறைய 18 இலட்சத்து 49 ஆயிரம் டாலர் தண்டம் விதித்தார். 2020-இல் மேல்முறையீட்டு மன்றம் அதை உறுதி செய்தது.

"உலோகம் சிறிது கூடினால் என்ன, குறைந்தால் என்ன? புகை வரம்புக்குள் இருந்தால் போதாதா?" என்று ஒருவர் வாதாடலாம். வெளித்தோற்றத்துக்கு இது நியாயமாகவே தெரியும். ஆய்வுக்கூடத்தில் வினையூக்கியோடு பழகியவர் இதை ஒப்பமாட்டார். தேன்கூடு போன்ற அந்தத் தாங்கியின் மேல் பூசப்படும் அரிய உலோகம் கண்ணுக்கே தெரியாத மெல்லிய துகள்களாக இருக்கிறது. வெப்பம் ஏற ஏற அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்கும். பெருக்கப் பெருக்க வினை நடக்கும் பரப்பு சுருங்கும். எண்ணெயிலிருந்து வரும் பாஸ்பரசும் எரிபொருளிலிருந்து வரும் கந்தகமும் அதற்கு நஞ்சு. ஆதலால் புதுக்கருக்கோடு இருக்கும்போது எந்த வினையூக்கியும் நன்றாகத்தான் வேலை செய்யும். சான்றிதழ் முதல் நாளுக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. மண்பாதை வண்டிக்குக் குறைந்தது 5 ஆண்டு அல்லது 10,000 கிலோமீட்டர் என்று விதி சொல்கிறது. அத்தனை காலம் தாங்குமா என்பதற்கு விடை, எந்த உலோகம் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை மாற்றிவிட்ட வண்டி, சோதிக்கப்படாத வண்டி. அது நல்லதோ கெட்டதோ, யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி விற்றதுதான் குற்றம்.

அடுத்த கேள்வி நம் பழமொழியாகவே வரும்: எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? வண்டியைச் செய்தவன் சீனாவில் இருக்க, கொண்டுவந்து விற்ற வியாபாரியைத் தண்டிப்பது முறையா? முறைதான். ஏனெனில் இறக்குமதியாளர் அம்பு அல்லர், எய்தவருள் ஒருவர். அமெரிக்கச் சட்டம் இதை மிகத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. 'உற்பத்தியாளர்' என்ற சொல்லுக்கு அது தரும் பொருளிலேயே, விற்பதற்காக இறக்குமதி செய்கிறவரும் அடங்குவார். கடல் கடந்த தொழிற்சாலையின் கதவை அமெரிக்க அதிகாரி தட்டி உள்ளே நுழைய முடியாது. ஆனால் அந்த வண்டியை வரவழைத்து, சுங்கத்துறைக்கு உறுதிப்பத்திரம் கொடுத்து, இலாபத்தை எடுத்துக்கொள்கிறவர் இக்கரையில் இருக்கிறார். இலாபம் அவருடையதானால் பொறுப்பும் அவருடையதாகத்தானே இருக்க வேண்டும்? "எனக்குத் தெரியாது, அனுப்பியவர் ஏமாற்றிவிட்டார்" என்று அவர் தப்பித்துக்கொள்ளலாம் என்றால், தெரியாமல் இருப்பதே இலாபகரமான தொழிலாகிவிடும்!

"இது சீனச் சரக்கின் மேல் பணக்கார நாடு காட்டும் பொறாமை" என்போரும் உண்டு. அந்தக் குற்றச்சாட்டை ஒதுக்கிவிட முடியாது. வல்லரசுகள் வியாபாரப் போட்டிக்குச் சட்டத்தைக் கருவியாக்குவது உலகறிந்த செய்தி. ஆனால் இந்தச் சட்டத்தின் கை உள்நாட்டுப் பெரியவர்களையும் தொட்டிருக்கிறது. 2016-இல், அமெரிக்கர்கள் தங்கள் தேசியச் சின்னம்போலப் போற்றும் ஹார்லி டேவிட்சன் நிறுவனமே சமரசத்துக்கு வந்தது. எஞ்சினின் புகைக் கட்டுப்பாட்டை மாற்றியமைக்கும் கருவிகள் ஏறத்தாழ 3,40,000 விற்றதற்காக 120 இலட்சம் டாலர் தண்டம் கட்ட அது இசைந்தது. மேலும், விதியைக் கறாராக நடத்துவதால் பயன் பெறுவோர் அமெரிக்கர் மட்டுமல்லர். நம் சென்னைக்கு அருகில் ஒரகடத்தில் செய்யப்படும் ராயல் என்ஃபீல்டு வண்டியும் அமெரிக்கச் சாலையில் ஓட வேண்டுமானால் இதே சான்றிதழைப் பெற்றாக வேண்டும். ஒழுங்காகச் செலவு செய்து, சோதித்து, சொன்னபடி செய்து அனுப்புகிற தொழிற்சாலையின் வயிற்றில் அடிப்பவன் அதிகாரி அல்லன். செலவு செய்யாமலே சான்று பெறுகிறவன்தான்.

"மலிவான வண்டி ஏழைக்கு உதவியல்லவா?" என்பது இன்னொரு வாதம். வாங்கியவர் சான்றிதழ் பெற்ற வண்டி என்று நம்பித்தானே காசு கொடுத்தார்? அவரும் ஏமாற்றப்பட்டவர். மலிவுக்குக் காரணம் திறமை என்றால் வாழ்த்தலாம். மலிவுக்குக் காரணம் பக்கத்து வீட்டாரின் நுரையீரல் என்றால் எப்படி வாழ்த்துவது?

இதுவரை நான் முகமையின் பக்கம் நின்றேன். இனி அதைக் குறை கூறப் போகிறேன். பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். டாவ்டாவ் வழக்கின் மொத்தத் தண்டத்தை வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வண்டிக்கு 17 டாலர்கூட வரவில்லை. பெப் பாய்ஸ் வழக்கில் 21 டாலருக்குள் அடங்குகிறது. சட்டம் என்ன சொல்லியிருக்கிறது? 1990-ஆம் ஆண்டுத் திருத்தமே ஒரு வண்டிக்கு 25,000 டாலர் வரை விதிக்கலாம் என்று இடம் கொடுத்தது. விலைவாசிக்கேற்ப அந்த உச்சவரம்பு பின்னர் உயர்ந்துகொண்டே வந்தது. குற்றவாளியின் தொழிலே படுத்துவிடக்கூடாது என்பதையும் கருத வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதை நான் மறுக்கவில்லை. எல்லாக் குற்றத்துக்கும் உச்சத் தண்டனை கேட்கும் கொடுமைக்காரனும் அல்லன் நான். ஆனால் 17 டாலர் என்பது தண்டனையா, நுழைவுச்சீட்டா? பிடிபட்டால் கட்டிக்கொள்ளலாம் என்று வியாபாரி செலவுக் கணக்கில் எழுதிவைக்கக்கூடிய தொகை அது. அதோடு புகார் எழுந்ததற்கும் தீர்ப்பு உறுதியானதற்கும் இடையே நான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அந்த வண்டிகள் அதற்குள் தங்கள் ஆயுள் புகையைக் கக்கி முடித்திருக்கும்!

ஆகவே என் யோசனைகள் இவை. தண்டம், ஏமாற்றியதால் மிச்சமான தொகையைவிட எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். சோதனை, விண்ணப்பதாரர் பொறுக்கியெடுத்து அனுப்பும் மாதிரியில் மட்டுமின்றி, கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வண்டியிலும் நடக்க வேண்டும். மூன்றாவதாக, பிணைத்தொகை. மின்னாக்கி, புல்வெட்டி போன்றவற்றின் சிறு எஞ்சின்களைக் கொண்டுவருகிறவர்களுக்கு அந்நாட்டில் போதிய சொத்து இல்லாவிட்டால், முன்கூட்டியே பிணை கட்ட வேண்டும் என்ற விதி உண்டு. உல்லாச வண்டிகளுக்கும் அதை விரித்தால், வழக்கு வருமுன் பலகையைக் கழற்றிக்கொண்டு மறையும் நிறுவனங்களுக்கு வழி அடைபடும்.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. கையிருப்பு வண்டிகளை 'நாட்டைவிட்டு அனுப்ப அல்லது அழிக்க' என்று முடிவானதைச் சொன்னேன். நாட்டைவிட்டு அனுப்பினால் அது எந்த நாட்டுக்குப் போகும்? புகை விதி இருந்தும் சோதிப்பார் இல்லாத நாட்டுக்குத்தானே! ஒரு வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய சோறு இன்னொரு வீட்டுப் பந்திக்குப் போவதுபோல் இது. பிறர் தம் காற்றைக் காப்பதால் நம் காற்று தூய்மையாகிவிடாது. சில வேளைகளில் கெடவும் செய்யும். ஆகவே ஒவ்வொரு நாடும் தன் வாசலைத் தானே காத்தாக வேண்டும்.

நம் வாசல் எப்படி இருக்கிறது? எழுத்தைப் பார்த்தால் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு விதி வந்தது. அதன்படி பெட்ரோல் இருசக்கர வண்டி கிலோமீட்டருக்கு 1 கிராம் கார்பன் மோனாக்சைடுக்கு மேல் விடக்கூடாது. அமெரிக்க மத்திய அரசு சாலை மோட்டார் சைக்கிளுக்கு வகுத்த விதியில் அது 12 கிராம்! சோதிக்கும் முறைகள் வேறானதால் இரண்டையும் அப்படியே நிறுத்துப் பார்க்க முடியாது. எனினும் ஏட்டில் கடுமை யாருடையது என்பதில் ஐயமில்லை. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும், விதியை மீறிய வண்டியை விற்கும் உற்பத்தியாளர், இறக்குமதியாளர், விற்பனையாளர் மூவரையும் பெயர் சொல்லி, ஒரு வண்டிக்கு 1 இலட்சம் ரூபாய் அபராதம் என்று எழுதியது.

ஏட்டுச் சுரைக்காய் நம்மிடம் நிறையக் காய்த்திருக்கிறது. கறிக்குத்தான் தட்டுப்பாடு. 2017 மார்ச் 29 அன்று உச்சநீதிமன்றம், பாரத் ஸ்டேஜ் மூன்று வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது நண்பர்களுக்கு நினைவிருக்கலாம். தேங்கிக் கிடந்தவை 8 இலட்சத்துக்கு மேல். பெரும்பாலானவை இருசக்கர வண்டிகள். எஞ்சியிருந்த இரண்டு நாட்களில் நடந்தது என்ன? கம்பெனிகள் தள்ளுபடி அறிவித்தன. நம் மக்கள் கடைகளை மொய்த்து அள்ளிச் சென்றனர். காற்றைக் காக்க வந்த தீர்ப்பு, ஆடித் தள்ளுபடி ஆகிவிட்டது! விற்றவர் மேல் மட்டும் குற்றமில்லை. சட்டத்தை நம் மூச்சோடு தொடர்புபடுத்திப் பார்க்காமல், விலைப்பட்டியலோடு மட்டும் தொடர்புபடுத்திப் பார்க்கும் மனம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. வடக்கே வந்து படிக்கும் நாம், குளிர்காலக் காலைகளில் எதிர்விடுதி தெரியாத புகைமூட்டத்தில் இருமிக்கொண்டு வகுப்புக்குப் போகிறோம். பிறகு மாலையில், பழைய வண்டியின் சைலன்சரைக் கழற்றிவிட்டு 'சத்தம் எப்படி?' என்று கேட்கும் நண்பனுக்குக் கைதட்டுகிறோம்.

நண்பர்களே, இதை நான் மாணவர் இதழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தச் சான்றிதழ்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் வியாபாரிகள் மட்டுமல்லர். சோதனை அட்டவணையை நிரப்பியவர், எண்களை வரிசைப்படுத்தியவர், அடியில் கையெழுத்திட்டவர் ஆகிய எல்லாரும் நம்மைப்போல் ஒரு கல்லூரியில் இயற்பியலோ வேதியியலோ பொறியியலோ படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். படிக்காதவன் அந்தப் பொய்யைச் சொல்லவே முடியாது; அதற்குத் தேவையான மொழி அவனிடம் இல்லை. நம்மில் பலர் நாளை புனேயிலோ சென்னையிலோ ஒரு சோதனைக்கூடத்தில் அமர்வோம். கப்பல் காத்திருக்கிறது, முதலாளி அவசரப்படுகிறார், போன மாடலின் எண்களையே எழுதிவிட்டால் என்ன என்று ஒரு மாலை வேளையில் யாரேனும் நம்மிடம் மெல்லக் கேட்பார்கள்.

துறைமுகத்தில் நிற்கும் அதிகாரி எத்தனை பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்? நீதிமன்றம் எத்தனை வழக்குகளைக் கேட்கும்? சட்டத்தின் கை அவ்வளவு நீளமில்லை என்பதை மேலே கண்ட கணக்கே காட்டுகிறது. அந்தக் கை எட்டாத இடத்தில் நம் கை இருக்கும். அளக்காததை அளந்ததாக எழுதமாட்டேன் என்று அந்தக் கை மறுத்தால், எங்கோ ஒரு சிறுவன் கொஞ்சம் நல்ல காற்றை மூச்சிழுப்பான். அவன் பெயர் நமக்குத் தெரியாது. நம் பெயரும் அவனுக்குத் தெரியாது. அதனால் என்ன? பதம் பார்த்த பானையிலிருந்தே அவனுக்கும் பரிமாறினோம் என்ற நிறைவு போதும்.